பாதி அண்ணன் தம்பிகளைக் காணோம்

1954-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோ எடுத்த 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' படத்தின் கதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காட்டுக்குள் வாழும் ஏழு அண்ணன் தம்பிகள், அவர்களுக்கு ஏழு பெண்டாட்டிகள் தேவை, நடுவில் பெண்களைக் கடத்திக்கொண்டு வருவது வேறு நடக்கும், இன்றைக்குப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் வரும். ஆனால் ஊரார் எல்லாம் கூடி ஒரு கொட்டகை எழுப்பும் நாளில் ஒரு நடனம் வருகிறது பாருங்கள், மைக்கேல் கிட் அமைத்தது, அதற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். மரப்பலகைமேல் ஏறி, தாண்டி, குட்டிக்கரணம் போட்டு, ஊர்ப் பையன்களோடு போட்டி போட்டுக்கொண்டு அண்ணன் தம்பிகள் ஆடுவார்கள். இடது ஓரத்தில் ஒருத்தன் எம்பிக் குதிக்கும்போது வலது ஓரத்தில் நிற்பவன் முகத்தில் பொறாமை ஓடும். இரண்டும் ஒரே ஃபிரேமில். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முழுவதையும் ஆட்களால் நிரப்பிய காட்சி அது.

இதை விஎச்எஸ் கேசட்டில் போட்டபோது என்ன செய்தார்கள்? படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.55 மடங்கு. அன்றைய டிவிப் பெட்டியின் அகலம் 1.33 மடங்கு. டிவித் திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் படத்தில் கிட்டத்தட்டப் பாதியை வெட்டியாக வேண்டும். எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்பதைக் காட்சிக்குக் காட்சி ஒருவர் உட்கார்ந்து தீர்மானிப்பார், சில இடங்களில் படத்தின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துவார். இதற்கு பான் அண்ட் ஸ்கேன் என்று பெயர். ஏழு பேர் வரிசையாக நின்றால் நான்கு பேர் தெரிவார்கள், மீதிப் பேர் கதைப்படி அங்கேதான் இருக்கிறார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேச்சுப் படத்தில் ஓரத்தை வெட்டினால் ஒரு நாற்காலி போகும், ஒரு ஜன்னல் போகும். பாட்டும் நடனமுமாக ஓடும் மியூசிக்கலில் வெட்டினால் ஆளே போய்விடுவார். தலை முதல் கால் வரை முழு உடம்பும் ஃபிரேமில் இருக்க வேண்டும், நடுவில் அநாவசியமாக வெட்டக்கூடாது என்று நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேர் 1930-களிலேயே பிடிவாதம் பிடித்தவர். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த ஒரு கலைக்கு வீடியோ வந்ததும் நேர்ந்த கதி இது. அதே சமயம், இந்தப் பழைய ஹாலிவுட் மியூசிக்கல்களைக் கடைசியில் காப்பாற்றியதும் வீட்டு வீடியோதான். டிஸ்க் விற்ற காசு இல்லையென்றால் இவற்றில் பாதியை யாரும் ஸ்கேன்கூடச் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். கொன்றவனே வைத்தியமும் பார்த்த இந்த விஷயம்தான் எனக்குப் படங்களைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

எனக்கு இந்தப் படங்கள் அறிமுகமானது கார்ட்டூன் நெட்வொர்க் புண்ணியத்தில். 90-களில் கேபிள் டிவி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பகலெல்லாம் டாமும் ஜெர்ரியும் துரத்திக்கொண்டிருந்த அதே சேனலில் இரவானால் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஆங்கிலப் படங்கள் ஓடும். கார்ட்டூன் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், எழுந்து போகச் சோம்பல்பட்டவர்கள் ஜீன் கெல்லியைப் பார்த்தோம். இது தற்செயல் அல்ல. பின்னால் இந்தச் சேனலைத் தொடங்கிய டெட் டர்னர் 1986-இல் எம்ஜிஎம் நிறுவனத்தையே வாங்கினார், கடன் தாங்காமல் ஸ்டூடியோவைத் திருப்பி விற்றுவிட்டு, பழைய படங்களின் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் படங்களை ஓட்ட அவருக்குச் சேனல்கள் வேண்டியிருந்தன, அவற்றில் ஒன்று நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 1996-இல் டர்னரின் கம்பெனி டைம் வார்னரோடு சேர்ந்தது. இன்றைக்கும் டிஸ்கின் அட்டையில் வார்னர் முத்திரை இருக்க, படம் ஆரம்பித்தால் எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிப்பது அதனால்தான்.

அப்புறம் சுருதி விஷயம். நம் பழைய டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடியது, விநாடிக்கு 25 ஃபிரேம். சினிமா 24. அதனால் பழைய பால் ஒளிபரப்பிலும் பால் டிவிடிகளிலும் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள், வேலை சுலபம். 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிந்துவிடும். சாதாரணப் படத்தில் யாருக்கும் தெரியாது. பாட்டுப் படத்தில்? தனியாகச் சரிசெய்யாவிட்டால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ஜூடி கார்லண்டின் அந்த ஆழமான கீழ்ஸ்தாயிக் குரல் லேசாகப் பெண்பிள்ளைக் குரலாகிவிடும், தாளமும் கொஞ்சம் அவசரப்படும். இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்கள் டிவியில் ஏதோ சரியில்லையே என்று நெளிவார்கள். ப்ளூ-ரே வந்து 24 ஃபிரேமிலேயே ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. படத்தின் தெளிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை, எனக்கு ப்ளூ-ரேயின் முதல் லாபமே இதுதான்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். 30-களின் நடுவிலிருந்து 50-களின் தொடக்கம் வரை ஹாலிவுட்டின் பெரிய வண்ணப் படங்களை எடுத்த டெக்னிக்கலர் கேமராவுக்குள் கலர் ஃபிலிமே கிடையாது. உள்ளே மூன்று கருப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்கள் ஓடும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு பட்டகம் பிரித்து, சிவப்பை ஒன்றிலும் பச்சையை ஒன்றிலும் நீலத்தை இன்னொன்றிலும் பதியும். பிறகு லேபில் அந்த மூன்றிலிருந்தும் அச்சுப் படிவங்கள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் ஏற்றி, ஒரே ஃபிலிமின்மேல் அடுத்தடுத்து ஒற்றி எடுப்பார்கள். சிவகாசியில் முருகன் காலண்டர் அச்சடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான், ஒரு கலர் மயிரிழை நகர்ந்துவிட்டால் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே நிற்கும்.

இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, கருப்பு வெள்ளை நெகட்டிவ் சாயத்தை நம்பி இல்லை, வெள்ளியை நம்பி இருக்கிறது, அதனால் நிறம் மங்குவதில்லை. 1944-இல் வந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தின் சிவப்பை இன்றைக்கும் முழுசாக மீட்க முடியும். கெட்டது, மூன்று சுருள்களும் வயசாகும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒன்று கொஞ்சம் அதிகம், ஒன்று கொஞ்சம் குறைவு. அதை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து பிரிண்ட் எடுத்தால் முகத்தின் விளிம்பில் ஒரு பச்சைக்கோடு, தோளில் ஒரு சிவப்புக்கோடு. பழைய கேசட்டிலும் முதல் டிவிடிகளிலும் பார்த்த அந்தக் குழைந்த தோற்றத்தை நாம் 'பழைய படம், அப்படித்தான் இருக்கும்' என்று எடுத்துக்கொண்டோம். 2000-களின் தொடக்கத்தில் வார்னர், மூன்று சுருள்களையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, கணினியில் ஒவ்வொரு ஃபிரேமாக இழுத்து நிமிர்த்திப் பொருத்தும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அல்ட்ரா ரெசல்யூஷன் என்று பெயர் வைத்தார்கள், பெயர் கொஞ்சம் சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி இருந்தாலும் வேலை அபாரம். படம் வந்த நாளில் தியேட்டரில் பார்த்தவர்களுக்குக்கூட இவ்வளவு துல்லியமாக மூன்று நிறமும் பொருந்திக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இது சரியா என்ற கேள்வியும் உடனே வரும். எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை, படத்தில் இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், இல்லாததைச் சேர்க்கவில்லை.

'சிங்கிங் இன் த ரெயின்' கதை இன்னும் மோசம். எம்ஜிஎம் 60-களிலிருந்தே நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் ஃபிலிமில் இருந்த தன் பழைய படங்களைப் பாதுகாப்பான ஃபிலிமில் நகலெடுத்து வைக்கும் வேலையை ரோஜர் மேயர் என்பவரின் பொறுப்பில் நடத்தியது. நகல் எடுத்த பிறகு அசல் நெகட்டிவ்களை ராச்செஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் என்ற காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். நைட்ரேட் தீப்பிடித்தால் அணைக்கவே முடியாத வஸ்து. 1978 மே மாதம் அங்கே தீ. முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களின் நெகட்டிவ் போனது, அதில் இந்தப் படமும் ஒன்று. எல்லா ஸ்டூடியோக்களும் பழைய படங்களைக் குப்பையாக நினைத்த காலத்தில் ஒருத்தர் நகல் எடுத்து வைத்திருந்ததால்தான் 2012-இலும் 2022-இலும் புதிய ஸ்கேன் போட முடிந்தது. அந்த மழைப்பாட்டில் கெல்லியின் கோட் நனைந்து நிறம் மாறுவதையும், கால் வைக்க வைக்கத் தேங்கிய தண்ணீர் சிதறுவதையும் நல்ல டிஸ்கில் பாருங்கள், அசல் போய்விட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பிறகு வந்த, இன்னும் நவீனமான கலர் ஃபிலிமில் எடுத்த படங்கள்தான் அதிகம் கெட்டுப்போயின. ஒரே ஃபிலிமில் மூன்று சாயமும் இருந்ததால் செலவு குறைவு, வேலை சுலபம், ஆயுசும் குறைவு. 1958-இல் வந்த 'சவுத் பசிஃபிக்' படத்தின் நீண்ட வடிவம் ஒன்று டிஸ்கில் இருக்கிறது. பின்னால் வெட்டிப்போட்ட காட்சிகள் மங்கிப்போன ஒரு பழைய பிரிண்ட்டில் மட்டும்தான் கிடைத்தன, அதையே எடுத்து நடுநடுவே சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காட்சி வந்ததும் கடலும் வானமும் சட்டென்று வெளுத்துப்போகும். ஏற்கெனவே அந்தப் படத்தில் பாட்டு வந்தாலே இயக்குநர் ஜோஷுவா லோகன் ஃபில்டர் போட்டு எல்லோரையும் மஞ்சளும் ஊதாவுமாக ஆக்கிவிடுவார், மஞ்சள் காமாலையா ஃபிலிம் கோளாறா என்று தெரியாமல் முதல் தடவை நான் டிவியின் செட்டிங்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். ஒரு படம் என்றால் ஒரு படம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1955-இல் வந்த 'ஓக்லஹோமா!' இரண்டு படம். நிஜமாகவே. டாட்-ஏஓ என்ற புதிய 65 மில்லிமீட்டர் முறையில் விநாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் அதை எடுத்தார்கள். அசைவு நழுவாமல் ஓடும், ஆனால் ஊர்ப்பட்ட தியேட்டர்களில் இருந்த புரொஜெக்டர்கள் எல்லாம் 24 ஃபிரேம். 30-ஐ 24 ஆக்க அன்றைக்கு வழி கிடையாது. அதனால் முழுப் படத்தையும் சினிமாஸ்கோப்பிலும் 24 ஃபிரேமில் தனியாக எடுத்தார்கள். சில இடங்களில் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல இடங்களில் நடிகர்களை மறுபடி நடிக்க வைத்து. ஷெர்லி ஜோன்ஸுக்கு அதுதான் முதல் படம், முதல் படத்தையே இரண்டு முறை நடித்திருக்கிறார். ஒரே வசனம், ஒரே பாட்டு, ஆனால் ஒன்றில் தலை சாய்ப்பது மற்றதில் இருக்காது, பதில் சொல்லும் முன் எடுக்கும் மூச்சு வேறாக இருக்கும். பெரிய நகரங்களில் பார்த்தவர்கள் ஒரு படத்தையும், அடுத்த வருடம் சின்ன ஊர்களில் பார்த்தவர்கள் வேறொரு படத்தையும் பார்த்துவிட்டு ஒரே பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2005-இல் வந்த டிவிடியில் இரண்டும் இருந்தன. அதில் கொடுமை, உயர்ந்த முறையில் எடுத்த டாட்-ஏஓ வடிவம்தான் மங்கலாக இருந்தது, சினிமாஸ்கோப் வடிவம் அதைவிடத் தெளிவு. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2014-இல் 65 மில்லிமீட்டர் நெகட்டிவிலிருந்து புதிதாக மீட்டெடுத்து, 30 ஃபிரேமிலேயே ப்ளூ-ரேயில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆளுயரச் சோளக்கொல்லை வழியாகக் குதிரையில் ஒருவன் பாடிக்கொண்டு வருகிறான், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகத் தெரிகிறது, அசைவு நேரில் பார்ப்பதுபோல இருக்கிறது. அறுபது வருடம் கழித்து, வீட்டுக் கூடத்தில். அந்தச் சோளமே ஓக்லஹோமா இல்லை, அரிசோனாவில் இதற்காகவே பயிரிட்டது என்பது வேறு விஷயம்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஏழு சகோதரர் படத்துக்கும் இதே கதைதான். சினிமாஸ்கோப் வசதி இல்லாத தியேட்டர்கள் கைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் ஸ்டான்லி டோனன் சாதாரணத் திரைக்கும் ஒரு முறை எடுத்து வைத்தார், அந்த இன்னொரு வடிவம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 2004 டிவிடியிலும் பிறகு வார்னர் ஆர்க்கைவ் போட்ட ப்ளூ-ரேயிலும் இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். குறுகலான வடிவத்தில் அதே கொட்டகை நடனத்தைப் பார்த்தால், யாரும் விடுபடவில்லை. கேமரா தள்ளி நிற்கிறது, ஆட்கள் நெருங்கி நிற்கிறார்கள். கேசட்டுக்காக வெட்டிக் குதறியதற்குப் பதில் இதையே போட்டிருக்கலாமே என்று எரிச்சல் வந்தது. அலமாரியில் ஒழுங்கான வடிவம் இருக்க, அரிவாளைத் தூக்கியிருக்கிறார்கள்.

'எ ஸ்டார் இஸ் பார்ன்' இன்னொரு வகை. 1954-இல் 181 நிமிடத்துக்கு வெளியானது, தியேட்டர்காரர்களுக்கு ஒரு நாளில் கூடுதல் காட்சி ஓட்ட வேண்டும் என்று 154 நிமிடமாக வெட்டினார்கள், வெட்டிய பகுதியைக் காப்பாற்றி வைக்கவும் இல்லை. 80-களின் தொடக்கத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் ஸ்டூடியோவின் கிடங்குகளைக் குடைந்தார். முழு நீளத்துக்கும் ஒலிநாடா கிடைத்தது, படம் கொஞ்சம்தான் கிடைத்தது. படம் இல்லாத இடத்தில் ஒலியை ஓடவிட்டு, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களை வைத்து நிரப்பினார். 176 நிமிடம். இன்றைக்கு டிஸ்கில் இருப்பது அதுதான். ஜூடி கார்லண்ட் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உருவம் உறைந்து புகைப்படமாகிவிடும், குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சிலருக்கு இது பிடிப்பதில்லை, கதையோட்டம் கெடுகிறது என்பார்கள். எனக்கு, வெட்டிய இடத்தை மூடி மறைக்காமல் இங்கே இல்லை என்று காட்டியது நேர்மையாகப் படுகிறது. இயக்குநர் ஜார்ஜ் கியூக்கர் இந்த வடிவத்தைப் பார்க்காமலே 1983 ஜனவரியில் இறந்துபோனார்.

டிஸ்க் போடுகிறவர்களை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 2011-இல் ப்ளூ-ரேயில் வந்தபோது, தொடக்க இசைக்குத் திரையில் சால் பாஸ் வரைந்த கோடுகள்மேல் நிறம் மட்டும் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் நேராகத் தலைப்பில் போய் நிற்க வேண்டிய இடத்தில், யாரோ திரையை இருட்டாக்கி மறுபடி வெளிச்சமாக்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு விநாடி. இசை உச்சத்துக்கு ஏறும் இடம் அது, அங்கே இருட்டு. விவரம் தெரிந்தவர்கள் சத்தம் போட்டார்கள், கடைசியில் திருத்திய டிஸ்கை மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கில் இப்படி ஒன்று நடந்தால் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்றுகூடத் தெரியாது. எந்த வடிவம் ஓடுகிறது என்பதை எந்த ஆப்பும் சொல்வதில்லை, 'ஓக்லஹோமா!' என்று தேடினால் ஓக்லஹோமா வரும், இரண்டில் எது என்பது நம் தலையெழுத்து.

கூடுதல் அம்சங்கள் என்ற பகுதியைப் பலர் தொடுவதே இல்லை. 'மை ஃபேர் லேடி' டிஸ்கில் ஆட்ரி ஹெப்பர்ன் தன் சொந்தக் குரலில் பாடிய இரண்டு பாடல்கள் காட்சியோடு பொருத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. படத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் மார்னி நிக்ஸனின் குரல். ஹெப்பர்ன் குரல் மேலே போனால் மெலிகிறது, சில இடங்களில் மூச்சு வாங்குகிறது, ஆனால் பூ விற்கிற பெண் நிஜமாகவே பாடினால் இப்படித்தான் பாடுவாள். நிக்ஸன் பாடும்போது எலைசா ஒரு வரி பேசி முடித்த அடுத்த நொடியே சங்கீதக் கல்லூரியில் படித்தவளாகிவிடுகிறாள். அதேபோல 2000-இல் 'ஆனி கெட் யுவர் கன்' டிவிடியில் வந்தபோது, பெட்டி ஹட்டனுக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தில் ஜூடி கார்லண்ட் நடித்துப் பாதியில் நின்றுபோன பாடல்களையும் சேர்த்திருந்தார்கள். உரிமைத் தகராறில் 70-களிலிருந்து கண்ணிலேயே படாமல் கிடந்த படம் அது. 1959-இன் 'போர்கி அண்ட் பெஸ்' இன்னும் அப்படியே கிடக்கிறது, சிட்னி பாய்ட்டியரும் டோரதி டேண்ட்ரிட்ஜும் நடித்தது, முறையான டிவிடிகூட இன்றுவரை கிடையாது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ப்ளூ-ரே டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் என்று ஒரு பிரிவு உண்டு, அதில் நம் நாடு சி, அமெரிக்க டிஸ்குகள் ஏ. வார்னர் போடுவது பெரும்பாலும் எந்த பிளேயரிலும் ஓடும், மற்ற கம்பெனி என்றால் பின்னட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'மை ஃபேர் லேடி' வாங்கினால் 2011 ப்ளூ-ரே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 1994-இல் இந்தப் படத்தைக் காப்பாற்றிய ராபர்ட் ஹாரிஸே மறுபடி மேற்பார்வை செய்து 2015-இல் வந்தது வேறு பதிப்பு, அதற்குப் பின் வந்த 4கே பதிப்பும் நல்லது. பழைய டிஸ்க் விற்கிறவர்கள் படத்தின் பெயரை மட்டும் போட்டு, ஆண்டைப் போடாமல் விட்டுவிடுவார்கள், பின்னட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்பாவிட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள்.